கூட்டுப் பொறுப்பும் மந்திரியின் மனச்சாட்சியும்

பிரித்தானிய அரசாங்கத்தின் மையமாக விளங்கும் மந்திரிசபை எழுதப்பட்ட யாப்பொன்றினால் உருவாக்கப்பட்டதன்று; வழக்காறுகளால் வளர்ந்தது. அவ்வழக்காறுகளுள் முதன்மையானது கூட்டுப் பொறுப்பு. மந்திரிசபைக் கூட்டத்தில் எவரும் மனம்விட்டு வாதிடலாம். முடிவு எட்டப்பட்டபின் வெளியே அனைவரும் அதனை ஆதரித்தல் வேண்டும். இயலாதவர் பதவி துறத்தல் வேண்டும்.

இவ்விதி ஓர் ஒழுக்கவியல் வினாவை எழுப்புகின்றது. தாம் தவறெனக் கருதும் முடிவைச் சரியென மக்கள்முன் நிலைநாட்டும் மந்திரி பொய்யுரைப்பவர் ஆகாரா?

அவ்வாறு முடிவுகட்டுதல் எளிதன்று. பாராளுமன்றத்தில் மந்திரி அரசாங்கத்தின் குரலாகவே பேசுகின்றார் என்பதைக் கேட்போரும் அறிவர். மேலும், ஒவ்வொருவரும் 'அது என் முடிவன்று' எனக் கைவிரிப்பின் பாராளுமன்றம் எவரிடம் கணக்குக் கேட்கும்? எனவே, மந்திரிகள் பழியிலிருந்து நழுவிச் செல்லாவண்ணம் இவ்விதி தடுக்கின்றது.

ஆயின், முடிவு உண்மையிலேயே கூட்டாக எடுக்கப்பட்டிருந்தாலன்றி இவ்வாதம் நிலைபெறாது. அணுகுண்டு தயாரிக்கும் தீர்மானத்தை 1947 இல் அட்லி அரசாங்கத்தின் சிறு குழுவொன்றே எடுத்தது. முழு மந்திரிசபையும் அதனை ஆராயவில்லை. வெஸ்ற்லாண்ட் ஹெலிகொப்டர் நிறுவன விவகாரம் முறையாக விவாதிக்கப்படவில்லை எனக் கூறி 1986 இல் மைக்கல் ஹெசல்ரைன் பதவி துறந்தார். ஈராக் யுத்தத்துக்கு முன் முடிவுகள் எடுக்கப்பட்ட முறைசாராப் போக்கு கூட்டாக ஆராயும் வாய்ப்பைக் குறைத்ததென 2004 இல் பட்லர் அறிக்கை குறைகண்டது. ஆராயும் உரிமை மறுக்கப்பட்டவரிடம் ஆதரவைக் கடமையாகக் கோருதல் நியாயமன்று.

ஆராய்ந்த பின்னரும் இணங்க இயலாதவருக்கு வெளியேறும் வழி உண்டு. 1914 இல் யுத்தப் பிரவேசத்தை ஏற்காத ஜோன் மோர்லியும் ஜோன் பேர்ன்ஸும், 2003 மார்ச்சில் றொபின் குக்கும் அவ்வழியே சென்றனர். ஈராக் யுத்தத்தைக் கண்டித்த கிளெயர் ஷோர்ட், அந்நாட்டின் புனரமைப்பில் உதவலாம் எனக் கருதிப் பதவியில் தங்கி, மே மாதத்திலேயே விலகினார். உள்ளிருந்து திருத்தலாம் என்ற எண்ணம் இழிவானதன்று. எனினும், அந்நியாயத்துக்குத் தனக்கென ஓர் எல்லையில்லை. எத்தவற்றின்போதும் அதனைக் கூறிக்கொள்ளலாம்.

அவ்வெல்லையை மந்திரியே வகுத்தல் வேண்டும். வரியும் செலவும் போன்று அடுத்த ஆண்டில் திருத்தத்தக்க விடயங்களில் பெரும்பான்மைக்குப் பணிதல் கூட்டாட்சி நடாத்தும் பண்பாகும். மீட்கவியலாத உயிரிழப்பை விளைவிக்கும் முடிவில், உடன்படாத மந்திரியின் மௌனம் அம்முடிவுக்கு உடந்தையாகின்றது.