இறுகிய சில்லு

பழைய உழவு இயந்திரம் ஒன்றின் பின்சில்லு கறள் பிடித்து இறுகிப்போனால் அடித்துப் பார்க்கலாம், காத்திருக்கலாம், அல்லது வெட்டி எடுக்கலாம். இதில் எதைச் செய்வது என்பது கைவேலைக்காரரின் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் கிடக்கிறது என்பது என் எண்ணம். பொறுமை எதுவரை நற்குணம், எங்கிருந்து வெறும் பாராமுகம்? வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் ஆள் சும்மா நிற்பதுபோலத்தான் இருக்கும்.

நான் மனதில் வைத்திருப்பது ஃபெர்குசன் டிஈ20 என்ற சாம்பல்நிற இயந்திரம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 5 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். நான் வாழும் நோர்வேயில் அதற்கு ‘கிரோத்தாஸ்’ என்று செல்லப்பெயர். சிறுவர் கதைகளில்கூட வரும். அதன் வழிவந்த மெசி ஃபெர்குசனை எங்கள் ஆட்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2009இல் வன்னியின் பாதைகளில் சட்டி பானையையும் கிழவிகளையும் பெட்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனவை உழவு இயந்திரங்கள்தான்.

சில்லு ஏன் இறுகுகிறது? இரும்பு கறளாகும்போது பருக்கிறது. தின்னப்பட்ட இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அந்தக் கறள் கேட்கும். சில்லின் நடுத்துளைக்கும் அது உட்கார்ந்திருக்கும் குடத்துக்கும் இடையே (மாட்டுவண்டிச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன், இதைவிட நல்ல சொல் இல்லை) ஒரு தாளின் பருமனுக்குத்தான் இடைவெளி. அதற்குள் வளரும் கறள் சுற்றிவர ஆப்பு அடித்ததுபோல ஆகிவிடுகிறது. போதாததற்கு, வழுக்காமல் உழுவதற்காகப் பின்ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்பும் வழக்கம் இருந்தது. குளிரில் உறையாதிருக்க அதில் கல்சியம் குளோரைட்டு உப்பைக் கரைத்தார்கள். அந்த உப்புத் தண்ணீர் கசிந்து, எந்தச் சில்லுக்குப் பாரம் கொடுக்க வந்ததோ அதையே தின்றது.

பெரிய சுத்தியலை எடுப்பவரின் அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அடி விழும் இடத்தில் வலி நிற்பதில்லை. சில்லில் விழுந்த அடி குடத்தினூடாக அச்சுக்குப் போய், உள்ளே எண்ணெயில் நிம்மதியாகக் கிடக்கும் பெயரிங்குகளில் இறங்கும். சில்லு அசையாது, அடுத்த வருடம் வேறெங்கோ ஒரு சத்தம் கேட்கும். கோபத்தின் விலையைச் சம்பந்தமில்லாத ஒருவர் கட்டுவது வீடுகளிலும் நடப்பதுதான்.

அனுபவப்பட்டவர்கள் செய்வது வேறு. ஊடுருவும் எண்ணெயை நாளுக்கு இருமுறை விட்டு, லேசாகத் தட்டி, மறுபடி விடுவார்கள். பிறகு நட்டுகளைக் கழற்றாமல் ஓரிரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, இயந்திரத்தை வெட்டவெளியில் எட்டுப்போல வளைத்து மெதுவாக ஓட்டுவார்கள். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட அதன் சொந்தப் பாரமே சில்லை இப்படியும் அப்படியும் நெம்பும். எந்தச் சுத்தியலும் தராத விசை அது.

இதையெல்லாம் பார்த்துப் பொறுமையைப் புகழ்ந்துவிடலாம் என்று தோன்றும். வெப்பம் அதைக் கெடுக்கிறது. இரும்பு ஒரு பாகை சூட்டுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். 100 மில்லிமீற்றர் துளையுள்ள சில்லை 200 பாகை சூடாக்கினால் துளை கால் மில்லிமீற்றர் அளவுக்கு விரியும், அது போதும். ஆனால் ஆறுதலாகச் சூடாக்கினால் குடமும் சேர்ந்து சூடாகி அதே அளவு பருத்துவிடும், பயன் பூச்சியம். இங்கே விரைவுதான் நற்குணம். அந்த விரைவுக்கு முன்னால் ஒரு கட்டாயமும் உண்டு: ரயரைச் சில்லிலிருந்து முழுதாகக் கழற்றியிருக்க வேண்டும். சூட்டில் உள்ளே வாயு பிறந்து ரயர் வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். காற்றை இறக்கிவிட்டேன் என்பது போதாது.

றொபேட் பேர்சிக் 1974இல் வந்த தன் மோட்டார்சைக்கிள் நூலில், கழற்ற முடியாத ஓர் ஆணியை வைத்துப் பல பக்கங்கள் யோசிக்கிறார். சிக்கி நிற்கும் அந்தக் கணம் அவருக்கு நல்ல கணம். பழைய அறிவு தீர்ந்து உண்மையான பார்வை தொடங்கும் இடம். நல்ல யோசனைதான். ஆனால் அங்கே நேரம் அவருடையது. சிமோன் வெய்ய் 1934 இறுதியிலிருந்து 1935 வரை பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாக நின்றவர். கவனம் என்பது ஒருவகைக் காத்திருப்பு என்று பின்னாளில் சிந்தித்த அவருக்கு, எண்ணிக்கைக்குச் சம்பளம் தந்த அந்தத் தளத்தில் காத்திருக்க உரிமை இருக்கவில்லை. என் அயலவர், ஓய்வு பெற்ற விவசாயி, தகப்பனின் கிரோத்தாசுக்கு மூன்று கிழமையாக எண்ணெய் விடுகிறார். மணிக்கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக் அதைச் செய்தால் வீட்டில் அடுப்பெரியாது. அவன் வெட்டுச்சுவாலையை எடுப்பதைப் பொறுமையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமக்கு இதில் வள்ளுவர் உதவுவார், ஆனால் நாம் எதிர்பார்க்கும் அதிகாரத்தில் அல்ல. பொறையுடைமை என்ற அதிகாரம் நமக்குத் தீங்கு செய்த மனிதரைப் பொறுப்பது பற்றியது. கறளுக்கு அங்கே இடமில்லை. நம் சில்லுக்குரியது பொருட்பாலில் இருக்கிறது: வலியறிதல், அதற்கு அடுத்தே காலமறிதல். பலத்தை அளப்பதையும் நேரத்தை அறிவதையும் அவர் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அங்கே காத்திருப்பவன் செயலைக் கைவிட்டவன் அல்லன், செயலுக்குள் இருப்பவன். அயலவரின் மூன்று கிழமைக்கும், அதற்கு முன் அந்த இயந்திரம் கொட்டகையில் கிடந்த முப்பது வருடத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முப்பது வருடமும் யாரோ ஒருவர் ‘பிறகு பார்ப்போம்’ என்று பொறுமையாகத்தான் இருந்திருக்கிறார்.

அதனால்தான் ‘பொறுங்கோ’ என்ற சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார் என்று நான் கவனிப்பதுண்டு. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பிப்போன குடும்பங்களுக்கு அந்தச் சொல்லை எத்தனையோ பேர் சொன்னார்கள். 2009க்குப் பிறகு காணிகள் துண்டு துண்டாகத் திரும்பின, எல்லாம் அல்ல. சொன்னவர்களில் எண்ணெய்ப் போத்தலோடு வந்தவர் எத்தனை பேர்? ஒரு மனு, ஒரு வரைபடம், ஒரு தேதி கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்ட பொறுமையை மக்கள் கொடுத்தார்கள். மற்றவர்கள் கேட்டதும் அதே சொல்தான்.

அயலவரிடம் எதுவரை எண்ணெய் விடுவீர்கள் என்று கேட்டேன். முதற்பனி விழும்வரை, பிறகு வெட்டுவேன் என்றார். புதுச் சில்லுக்கு விலைகூட விசாரித்து வைத்திருக்கிறார். தகப்பன் கைபட்ட சில்லு அல்லவா என்றேன். இயந்திரம் ஓட வேண்டும், அதுதான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது என்றார்.