தொட்டால் என்ன ஆகும்?



சட்டென்று மனம் நோகிறவர்களுக்கு நம்ம ஊரில் ஒரு பெயர் உண்டு: தொட்டாச்சிணுங்கி. எழுதும்போது தொட்டாற்சிணுங்கி. தொட்டால் சிணுங்குவது என்று அர்த்தம். சிணுங்குவது குழந்தையின் குணம். வாய்விட்டு அழாது, என்ன வேணும்னு சொல்லவும் சொல்லாது, முனகிக்கிட்டே இருக்கும். அந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1753-ல் லின்னேயஸ் என்ற சுவீடன் தேசத்து அறிஞர், வெட்கப்படுவது என்று பொருள்படும் லத்தீன் பெயரை அதற்கு வைத்தார். நம்ம ஜனங்களோ குழந்தையின் குணத்தை வைத்துப் பெயரிட்டார்கள்.

நம் தர்மபுரி மாவட்டம் கர்நாடக எல்லையில் இருக்கிறது. கன்னடத்தில் இதற்கு 'முட்டிதரெ முனி' என்று பெயர். தொட்டால் கோபித்துக்கொள்ளும் என்று அர்த்தம். மலையாளத்தில் 'தொட்டாவாடி', தொட்டால் வாடிப்போகும். செடி ஒன்று, பெயர் மூன்று. இந்த மூன்று குணமும் வேதத்தில் இருக்கிறது. சபையிலும் இருக்கிறது!

ஆகாப் ராஜா சிணுங்கினான். நாபோத் திராட்சத்தோட்டத்தைத் தரமாட்டேன் என்றதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கட்டிலில் படுத்துக்கொண்டான் (1 இராஜாக்கள் 21). அந்தச் சிணுங்கல் எதில் போய் முடிந்தது? ஒரு நீதிமானின் கொலையில்!

நாகமான் கோபித்தான். தீர்க்கதரிசி நேரில் வராமல் ஆள் அனுப்பிச் சொன்னதற்காக, சுகத்தையே விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தான் (2 இராஜாக்கள் 5). எலியா வாடினான். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்றான் (1 இராஜாக்கள் 19).

"பாஸ்டர் என்னை விசாரிக்கவே இல்ல", "ஜெபத்துக்கு என் பேரைச் சொல்லல", "அவங்க வீட்டுக்கு மட்டும் போனாங்க" என்று சொல்லி ஆராதனைக்கு வராமல் நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அருமையானவர்களே, செடியைக் கவனியுங்கள். தொட்டதும் இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு முடிச்சில் ஒரு பக்கத்து நீர் வெளியேறுகிறது, இலை மடங்குகிறது. மூடிய இலைக்கு வெளிச்சம் குறையும். அதனால்தான் சில நிமிஷங்களில் திரும்ப விரிகிறது. மனிதனோ மூடினால் வருஷக்கணக்கில் திறக்கிறதில்லை! நஷ்டம் யாருக்கு? வெளிச்சத்தை இழந்தவனுக்குத்தானே?

இன்னொன்று சொல்லுகிறேன். மோனிகா காக்லியானோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்தச் செடியைத் தொட்டியோடு சிறு உயரத்திலிருந்து மெத்தென்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். முதலில் இலை மூடியது. கேடு ஒன்றும் வரவில்லை என்றானபின் மூடுவதை விட்டுவிட்டது. நாலு வாரம் கழித்தும் அப்படியே இருந்ததாக 2014-ல் வெளியிட்டார்கள். தொடுதல் எல்லாம் அடி அல்ல என்று செடியே பழகுமானால், இரட்சிக்கப்பட்ட நாம் பழகக்கூடாதா?

ஆனால் ஒரு எச்சரிப்பு. மெய்யாகவே அடிபட்டவரைப் பார்த்து, "நீ ஒரு தொட்டாச்சிணுங்கி" என்று வாயை அடைக்காதீர்கள். அன்னாளின் கண்ணீரைக் குடிவெறி என்று ஆசாரியனாகிய ஏலியே தப்பாய் நினைத்தான் (1 சாமுவேல் 1). அவள் சிணுங்கவில்லை, சீறவில்லை, வாடி ஓடவுமில்லை. தன் துக்கத்தைத் திறந்து சொன்னாள். ஏலியும் தன் பேச்சை மாற்றி, அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். இதுதான் நாலாவது வழி. உங்களுக்கு ஒருவர் தப்பு செய்தால் ஊரெல்லாம் சொல்லாமல், அவரிடமே தனியே போய்ப் பேசுங்கள் என்று ஆண்டவரும் போதித்தார் (மத்தேயு 18).

இந்த வாரம் யாரிடம் பேசாமல் இருக்கிறீர்கள்? ஞாயிறு வருமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வாடிக்கிடந்த எலியாவைத் தூதன் திட்டவில்லை. இரண்டு தரம் தட்டியெழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அந்தப் பெலத்தில் அவன் நாற்பது நாள் நடந்தான். அப்படிப்பட்ட தொடுதல் நம் சபையில் உண்டாவதாக. ஆமென், அல்லேலூயா!