எழுத்தாளனை எழுப்பியவன்

எழுத்தை நம்பி வேலையை விடலாமா? வேலையை நம்பி எழுத்தை விடலாமா? கூட்டம் முடிந்து, நள்ளிரவில் பேருந்துக்குக் காத்துக் கிடக்கும்போதெல்லாம் தோழர்கள் நம்மிடம் தொடுக்கும் கேள்வி இது. பகலில் கரும்பலகை, இரவில் கட்டுரை, ஞாயிறு வந்தால் எங்கோ ஓர் ஊரில் மேடை! மூன்று குதிரைகளையும் ஒரே வண்டியில் பூட்ட முடியுமா என்பது அவர்தம் ஐயம். முடியும் என்று மார்தட்டி வந்தோம். அதற்குச் சான்றாக ஒருவரையும் காட்டி வந்தோம். அவர்தான் இங்கிலாந்து நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப்.

டிரோலப் அஞ்சல் துறை அலுவலர். 1834-இல் எழுத்தராக நுழைந்து, 1867 வரை அங்கே உழைத்தவர். சானல் தீவுகளில் 1852-இல் தெருவோர அஞ்சல் பெட்டி நின்றது அவர் தந்த யோசனையால்தான். அந்த மனிதர் 47 நாவல்கள் எழுதினார் என்றால் நம்புவீர்களா?

காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்வார். கடிகாரம் எதிரே இருக்கும். கால் மணிக்கு 250 சொற்கள் என்பது அவர் தமக்கே இட்ட கட்டளை. காலைச் சிற்றுண்டிக்கு முன் எழுத்து முடிந்துவிடும், பிறகு அலுவல். அலுவலுக்காக இரயிலேறினால் மடியில் சிறு பலகை, கையில் பென்சில்! 1857-இல் வெளிவந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி ஓடும் இரயிலிலே பிறந்தது. 1858-இல் துறை அவரை எகிப்துக்கு அனுப்பிற்று. கடல் கொந்தளிக்க, குமட்டல் தாளாமல் மேசையை விட்டு ஓடுவாராம். திரும்பி வந்து அன்றைய பக்கங்களை முடிப்பாராம்.

இவற்றையெல்லாம் மறைக்காமல் சொன்னது அவருடைய தன்வரலாறு. அவர் மறைந்த மறு ஆண்டு, 1883-இல், அது வெளிவந்தது. எழுத்தால் ஈட்டிய தொகை ஏறத்தாழ 69,000 பவுன் என்று நூல் வாரியாகக் கணக்கும் அதில் உண்டு. இலக்கியச் சீமான்கள் முகம் சுளித்தனர். கலையா இது, செக்காட்டும் தொழிலா என்றனர். அந்தச் சுளிப்பில் நமக்கு உடன்பாடில்லை. நாவில் எவளோ வந்து எழுதிப் போகட்டும் என்று காத்துக் கிடப்பவனைவிட, கடிகாரத்தை நம்பியவன் நேர்மையாளன். (எழுத்துக்குத் தரும் பணத்தைச் சன்மானம் என்கிறார்கள் இங்கே. கூலி என்று சொல்ல அவ்வளவு கூச்சம்!)

ஆனால், அந்த நூலை அண்மையில் மீண்டும் படித்தபோது, முன்பு விரைந்து தாண்டிப் போன இரண்டு வரிகளில் நம் கண் நின்றுவிட்டது.

ஐந்தரை மணிக்கு அவரை எழுப்பியவர் யார்? குதிரைகளைப் பேணும் ஒரு கிழவர். எழுப்பிக் காப்பி கொடுக்கும் கடமைக்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதல். ஒரு நாளும் அவர் பிந்தியதில்லை. தம் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அவருக்கே கடன்பட்டிருக்கலாம் என்று டிரோலப்பே ஒப்புகிறார். ஆயினும், அந்தப் பத்தியில் கிழவரின் பெயர் இல்லை! இரயிலில் எழுதிய பென்சில் எழுத்தை மையால் படியெடுத்தவர் யார்? மனைவி ரோஸ்.

டிரோலப்பின் தாய் பிரான்சிஸையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் தொடங்கிய வணிகம் நொடித்து நாடு திரும்பி, ஐம்பது வயதைக் கடந்த பின், 1832-இல் முதல் நூலை வெளியிட்டவர். பின்னர் கணவரும் மகனும் சாகக் கிடந்தபோது மருந்துப் புட்டியும் மைக்கூடும் ஒரே அறையில் இருக்க, செவிலியாகவும் எழுத்தாளராகவும் இருந்தார். குடும்பத்துக்குச் சோறிட்டது அந்த எழுதுகோல்தான். மகன் காலத்தைப் பங்கிட்டபோது பிறர் கைகள் தாங்கின. தாயோ தம் தூக்கத்தையே வெட்டிக் காலத்தை உண்டாக்கிக்கொண்டார். இருவரையும் ‘உழைப்பாளிகள்’ என்று ஒரே சொல்லால் புகழ்வது நீதியாகுமா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சென்ற மாதம் வெளியூர்க் கூட்டம் ஒன்று முடித்து, திங்கட்கிழமை விடியலில் இறங்கி, நேரே வகுப்புக்குப் போனோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரை ஏட்டைக் கேட்டான். மூன்று வாரமாகத் திருத்தப்படாமல் நம் பையில் கிடந்தது அது. அந்த மூன்று வாரத்தில் நாம் எழுதியது என்ன தெரியுமா? ஏழைப் பிள்ளையின் கல்வி உரிமை பற்றிய கட்டுரை! கேட்டவன் ஏழைப் பிள்ளை. அவன் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை நம்மால்.

அந்தக் கட்டுரையைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தவள் நம் தங்கை. விடியலில் தேநீர் வைத்தவளும் அவளே. அவளுக்குத் தேர்வு நெருங்குகிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் நம் கிறுக்கலைத் தட்டினாள். அச்சில் நம் பெயர் மட்டும் வந்தது. டிரோலப்பாவது ஐந்து பவுன் கொடுத்தார்.

கேட்டபோது அவள் சிரித்தாள். “அண்ணா, பெண்ணுரிமை பற்றி எழுதினீர்களே, அதையும் நான்தான் தட்டினேன்” என்றாள்.

இந்தக் கட்டுரையை நாமே, ஒற்றை விரலால், மூன்று இரவுகள் தட்டினோம். ஏடுகள் நாற்பத்தொன்றும் திருத்தியாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர இயலாது என்று தோழர்களுக்கு எழுதிவிட்டோம். அவர்களுக்கு வருத்தந்தான்.