19 வருடம் ஏறிய படிகள்

"சின்ன ஊரில் பிறந்துவிட்டேன். எனக்குப் பின்னால் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நான் எங்கே ஜெயிப்பது?" என்று புலம்பும் இளைஞனே, கொஞ்சம் நில். ஃபிரான்சில் ஒசேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் கதையை முழுசாகக் கேள். அதன் பிறகும் இதே புலம்பல் உன் வாயில் வந்தால் அப்போது பேசுவோம்.

பாரிஸிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். யோன் ஆற்றங்கரையில், பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, சுமார் 35,000 பேர் வாழும் ஊர். ஃபிரெஞ்சுக் கால்பந்தில் பாரிஸ், மார்செய், லியோன் என்று பெருநகரங்களின் பண பலத்துக்கு எதிரே இந்த ஊரை நிறுத்திப் பார். நியாயமாகப் பார்த்தால் இதன் பெயரே யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் 1996-ல் ஃபிரான்சின் லீக் பட்டத்தையும் தேசியக் கோப்பையையும் ஒரே பருவத்தில் தூக்கியது இந்த ஊர் அணிதான்!

விதை போட்டவர் ஒரு பாதிரியார். 1905-ல் அபே தேஷாம், ஊர்ப் பிள்ளைகளுக்காக 'ஏ.ஜே. ஒசேர்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் ஃபிரான்சில் நிறைவேறியதும் அதே வருடம்தான். ஒரு பாதிரியார் புதிதாக எதையும் தொடங்க நல்ல நேரம் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நல்ல நேரம் பார்க்கவில்லை, தொடங்கினார். ஆற்றங்கரை மைதானம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த அணி வட்டார லீக்கிலேயே ஆடிக்கொண்டிருந்தது. 1961-ல் பயிற்சியாளர் பொறுப்பு கேட்டு வந்தார் ஓர் இளைஞர். பெயர் கீ ரூ. வயது 22. பக்கத்தில் உள்ள அப்வாஞி கிராமத்தில் வளர்ந்தவர், சிறுவயதில் இதே அணிக்கு ஆடியவர். பெரிய ஆட்டக்காரர் என்ற பெயரெல்லாம் அவருக்குக் கிடையாது. உன் வயதுதான் அவருக்கு! நீ வேலைக்கு விண்ணப்பம் போடவே தயங்கும் வயதில், அவர் ஓர் அணியையே என்னிடம் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள்.

இனிமேல்தான் நீ கூர்ந்து கேட்க வேண்டிய பகுதி. 1996-ன் வெற்றியைவிட எனக்கு முக்கியம் இதுதான். இடையில் ராணுவச் சேவைக்குப் போய்த் திரும்பி வந்து, அதே அணியைப் பிடித்துக்கொண்டு உழைத்தார் கீ ரூ. வட்டார லீக்கைத் தாண்டி மூன்றாம் டிவிஷனுக்கு ஏறியது 1970-ல். இரண்டாம் டிவிஷன் 1974-ல். முதல் டிவிஷன் 1980-ல். கணக்குப் போட்டுப் பார். 22 வயதில் தொடங்கியவருக்கு, உச்சப் பிரிவின் வாசலை மிதிக்கும்போது 41 வயது. 19 வருடம்!

ஆறு மாதம் முயன்றுவிட்டு "எனக்கு ராசி இல்லை" என்கிறாயே, அந்த 19 வருடத்தை நினைத்துப் பார். 1966-ல் கீ ரூவின் கையில் என்ன இருந்தது? ஒரு பாதிரியார் விட்டுப்போன சங்கம், ஆற்றோரம் ஒரு மைதானம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள். அந்த வருடம் எவரும் அவருக்கு மாலை போடவில்லை. அவரும் மாலைக்காகக் காத்திருக்கவில்லை. பயனில்லாமல் போனவை என்று பார்ப்பவர்கள் நினைத்திருக்கக் கூடிய அந்த வருடங்களில்தான் அவர் ஓர் அணியை நடத்தும் வித்தையைக் கற்றார். உன் வாழ்க்கையிலும் அப்படிப்பட்ட வருடங்கள் இப்போது ஓடிக்கொண்டிருக்கலாம். அவற்றைச் சபிக்காதே!

முதல் டிவிஷனைத் தொடுவதற்கு ஒரு வருடம் முன்பே, 1979-ல், இரண்டாம் டிவிஷன் அணியாகவே தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய்விட்டார்கள். எதிரே நாண்ட், அன்றைய ஃபிரான்சின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. 90 நிமிடம் முடிந்தபோதும் 1-1. கூடுதல் நேரத்தில்தான் 4-1 என்று தோற்றார்கள். தோற்றவர்கள் மறு வருடமே மேலே ஏறினார்கள். இந்த ஒரு வரியை மனத்தில் குறித்துக்கொள்.

மேலே ஏறிய பிறகு என்ன செய்தார்கள்? பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிக் குவிக்கப் பணம் இல்லை. அதனால் ஆட்டக்காரர்களை வளர்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் இளைஞர் பயிற்சி மையம் எழுந்தது. வேறு ஊர்களிலிருந்து வந்த பையன்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, பந்து. மார்செய் நகரத்தில் பிறந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு முரட்டுப் பையன்தான் எரிக் கான்டோனா. 1983-ல் முதல் அணிக்கு ஆடினான். 1988-ல் அவனை மார்செய் அணி வாங்கியபோது கொடுத்தது 2.2 கோடி ஃபிராங்க், அன்றைய ஃபிரெஞ்சுச் சாதனை விலை. பெருநகரம் தன் தெருவில் வளர்ந்த பையனைச் சின்ன ஊரிடமிருந்து காசு கொடுத்து வாங்கியது! பசீல் போலி, பிலிப் மெக்ஸெஸ், ஜிப்ரில் சிஸே என்று அந்த வரிசை நீண்டது. 1998-ல் ஃபிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஷார்போனியே, தியோமேத், கிவார்ஷ் என மூன்று பேர் ஒசேர் ஆட்டக்காரர்கள்.

நாற்று வளர்ப்பவனுக்கு மழை இன்று வரவில்லை என்று கவலைப்பட நேரம் இருக்காது. கீ ரூவும் அப்படித்தான். சிக்கனத்துக்குப் பெயர் போனவர். இளம் ஆட்டக்காரர்கள் இரவில் பாரிஸ் பக்கம் ஊர்சுற்றப் போகிறார்களா என்று அவர்கள் கார்களில் ஓடிய கிலோமீட்டரைச் சரிபார்ப்பார் என்று ஃபிரான்சில் இன்றும் சொல்கிறார்கள். கெடுபிடி என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு பிள்ளையின் திறமை மேல் அதன் பெற்றோரைப் போல அக்கறை வைத்தவர் செய்கிற காரியம் என்றே எனக்குப் படுகிறது. அப்படி உன்னைக் கண்காணிக்க ஒருவர் இருந்தால் காலைத் தொட்டு வணங்கு. இல்லையென்றால் உன் வண்டியின் கிலோமீட்டரை நீயே பார்!

தோல்விகள் வந்தன. 1993-ல் ஐரோப்பாவின் யூஈஎஃப்ஏ கோப்பையில், நடப்பு சாம்பியன் அயாக்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரையிறுதிக்குப் போனார்கள். டார்ட்மண்ட் அணியிடம் அங்கே 2-0 தோல்வி, இங்கே 2-0 வெற்றி. பெனால்டியில் கை நழுவியது. அதற்கு அடுத்த வருடம் தேசியக் கோப்பை அவர்கள் கையில். 1996-ல் இரட்டைப் பட்டம். 2001-ல் கீ ரூவுக்கு இதய அறுவை சிகிச்சை. வேறொருவராக இருந்தால் ஓய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பார். அவர் திரும்பி வந்து, 2003-ல் பாரிஸ் அணியை 89-வது நிமிட கோலில் சாய்த்துக் கோப்பை வென்றார். 2005-ல் நான்காவது முறை கோப்பையைத் தூக்கிய கையோடு, பொறுப்பேற்று 44 வருடம் கழித்து, தானாக விடைபெற்றார்.

அதோடு சுபம் போட்டிருந்தால் இந்தக் கதையை உனக்குச் சொல்லியிருக்க மாட்டேன். 2012-ல் அணி கீழே விழுந்தது. முதல் டிவிஷனில் 32 வருடம் அசையாமல் நின்ற அணி, பட்டியலின் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அங்கே பத்து வருடம். நடுவில் 2015-ல் கோப்பை இறுதிக்குப் போய் பாரிஸிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். 2022-ல் வந்தது ஏறுவதற்கான கடைசி மோதல். எதிரி சேன்-எத்தியேன், ஒரு காலத்தில் ஃபிரான்சையே ஆண்ட கிளப். முதல் ஆட்டம் 1-1. அவர்கள் மைதானத்தில், அவர்கள் ரசிகர்களின் இரைச்சலுக்கு நடுவே, மறுபடியும் 1-1. பெனால்டி. 1993-ல் எது கண்ணீர் தந்ததோ அதே பெனால்டி. இந்த முறை ஒருவரும் தவறவிடவில்லை. ஐந்தும் வலைக்குள்!

ஏறிய மறு வருடமே மீண்டும் இறங்கினார்கள். பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் பெலிசியேவை அப்போதே வெளியே அனுப்பியிருக்கலாம், பல கிளப்புகள் அதைத்தான் செய்யும். ஒசேர் அவரை வைத்துக்கொண்டது. 2024-ல் இரண்டாம் பிரிவின் சாம்பியனாக அவரோடு மேலே வந்தது. அந்த நவம்பரில் மார்செய் அணியை அதன் சொந்த மைதானத்தில் 3-1 என்று வென்றது. டிசம்பரில், அந்தப் பருவத்தின் முடிவில் ஐரோப்பிய சாம்பியனாகப் போகும் பாரிஸ் அணி யோன் ஆற்றங்கரைக்கு வந்தது. அத்தனை கோடிகளோடு வந்தவர்கள், 90 நிமிடமும் முட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோல்கூடப் போட முடியாமல் திரும்பிப் போனார்கள்.