விசாரிப்பதும் துருவுவதும்



மது அருந்துவது ஹராம். அருந்திவிட்டு வண்டி ஓட்டுவதோ, தன் உயிரோடு பிறர் உயிரையும் அழிவில் தள்ளும் பெரும் பாவம். நம் நாட்டுச் சட்டமும் அதைக் குற்றமென்றே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பது குற்றமாகும். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இத்தகைய வழக்குகளின் விவரம் இன்று பூட்டிய அலமாரிக்குள் இல்லை. நீதிமன்றங்களின் இணையதளத்தில் மாவட்டம், பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து வீட்டிலிருந்தே தேடலாம். அப்படியானால், ஒருவர் குடித்து வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரா என்று தேடிப் பார்ப்பது மார்க்கத்தில் ஆகுமா?

தேடுகிறவரின் நிய்யத்தைப் பொறுத்தது அது. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா தடுத்திருக்கிறான். புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டிருக்கிறான். அண்டை வீட்டார் மீதுள்ள கோபத்தாலோ, ஜமாஅத்தில் ஒருவரைத் தலைகுனிய வைப்பதற்காகவோ தேடினால் அது இந்தத் தடையில்தான் சேரும். ஏடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதால் பாவம் நன்மையாகிவிடாது.

ஆனால் தேவைக்கு விசாரிப்பது வேறு. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டிருந்தனர். அந்த அம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். முன்னவர் பொருளில்லாதவர், பின்னவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. ஆகவே மகளைக் கொடுக்கவிருக்கும் தகப்பனாரும், பிள்ளைகளை மதரஸாவுக்கு ஏற்றிச் செல்லும் வேனுக்கு டிரைவர் வைப்பவரும் விசாரிக்கத்தான் வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிட்டு, பின்னால் கண்ணீர் வடித்துப் பயனில்லை.

விசாரிப்பவர் மூன்று ஒழுங்குகளைப் பேண வேண்டும்.

முதலாவது, ஊர்ஜிதம். அப்துல் காதர் என்ற பெயரில் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர்! தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வழக்குப் பதிவானது வேறு, தண்டனை வேறு. விடுதலையானவரைக் குற்றவாளி என்பது அவதூறு.

இரண்டாவது, தவ்பாவுக்கு இடம் கொடுப்பது. பத்தாண்டுக்கு முன் தவறியவர் இன்று திருந்தியிருக்கலாம். அவரிடமே நேரில் கேளுங்கள். இப்போதைய நடத்தையை அறிந்தவர்களிடம் கேளுங்கள். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்றார்கள். அதற்காகக் குடியை விடாதவருக்குப் பெண் கொடுக்கவோ, அவர் கையில் வண்டியை ஒப்படைக்கவோ வேண்டுமென்பதில்லை.

மூன்றாவது, நாவடக்கம். சம்பந்தம் வேண்டாமென்றால் "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். காரணத்தைத் தெருத் தெருவாகச் சொல்லி, அவர் தாயாரையும் தங்கைகளையும் தலைகுனிய வைக்க நமக்கு உரிமையில்லை. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பது நாயக வாக்கின் கருத்தாகும்.

நம் ஏடும் ஒருநாள் திறக்கப்படும் என்ற அச்சத்தோடு பிறர் ஏட்டைத் திறக்க, வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.