இமாம் இல்லாத நெறி

முஸ்லிம் சமூகத்துக்குத் தலைமை தாங்கும் தகுதி யாருக்கு உண்டு? நபியின் குறைஷி குலத்தவருக்கே என்றது சுன்னி மரபு. அவருடைய குடும்பத்தாருக்கே என்றது ஷியா மரபு. இறையச்சமும் அறிவும் உள்ள எவரும் இமாம், அதாவது சமூகத் தலைவர், ஆகலாம், நெறி தவறினால் நீக்கவும் படலாம் என்றனர் காரிஜியர் என்ற பிரிவினர்.

வடமேற்கு ஆப்பிரிக்காவான மக்ரிபில் இந்தக் கருத்து வேகமாகப் பரவியதற்குக் காரணம் வெறும் இறையியல் அல்ல. மதம் மாறிய பிறகும் பெர்பர் மக்களை அரபு ஆளுநர்கள் வென்ற நாட்டுக் குடிகளாகவே நடத்தி வரி வாங்கினர். 740இல் தாஞ்சியர் பக்கம் தொடங்கிய பெர்பர் கிளர்ச்சியின் கொடி காரிஜியக் கொடிதான்.

அவர்களோடு வேர் பகிரும் மிதவாதப் பிரிவான இபாதிகள், இன்றைய அல்ஜீரியாவின் தாஹெர்த் நகரில் அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தம் என்பவரை இமாமாகத் தேர்ந்தெடுத்தனர். அவர் பாரசீக வழிவந்தவர். பின்னால் நிற்கக் குலம் இல்லாதவரை எளிதில் நீக்கலாம் என்பதும் ஒரு காரணமாம். ஆனால் அவருக்குப் பின் மகனே பதவிக்கு வந்தார். அதை ஏற்காதவர்கள் நுக்காரிகள் எனப் பிரிந்தனர். கொள்கை எதை மறுத்ததோ அந்த வாரிசுரிமைதான் 909இல் ஷியா மரபின் ஃபாத்திமி வம்சத்தினர் நகரை வீழ்த்தும்வரை நீடித்தது.

எஞ்சிய இபாதிகள் சகாராவுக்குள் ஒதுங்கினர். அல்ஜியர்ஸுக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டரில் உள்ள மஸாப் பள்ளத்தாக்கு வெறும் பாறைநிலம். அதன் ஆறு எப்போதாவதுதான் ஓடும். 11ஆம் நூற்றாண்டு முதல் அவர்கள் அங்கே குடியேற, ஆழ்கிணறுகளும் பேரீச்சந்தோப்புகளும் எழுந்தன. கர்தாயா உள்ளிட்ட ஐந்து ஊர்களும் தோன்றின. குன்றின் உச்சியில் அலங்காரமற்ற பள்ளிவாசல். அதுவே கோட்டை, தானியக்கிடங்கு, ஆயுதசாலை. அதைச் சுற்றி வளையம் வளையமாக வீடுகள்.

இமாம் இல்லாமல் சமயம் நிலைக்குமா? நிலைக்கும் என்பதே இபாதி விடை. வெளிப்படையான ஆட்சி வாய்க்காத காலத்துக்கு அவர்கள் ‘கித்மான்’ என்ற மறைவுநிலையை வகுத்திருந்தனர். அதில் இமாமுக்குப் பதிலாக அஸ்ஸாபா என்னும் அறிஞர் அவை ஊரை நடத்தியது. அதனிடம் படை கிடையாது. விலக்கி வைப்பதே பெருந்தண்டனை. விலக்கப்பட்டவர் பள்ளிவாசலில் பலரறிய மன்னிப்புக் கேட்கும்வரை ஊரார் அவரோடு உறவாட மாட்டார்கள். தாஹெர்த் அரியணையைவிட இந்த ஏற்பாடே பழைய கொள்கைக்கு நெருக்கமானது. பேச்சு பெர்பர், சமய எழுத்து அரபு என்ற பங்கீடும் இதனோடு நிலைத்தது.

அண்டையில் வாழும் அரபு மாலிகிகளை, அதாவது சுன்னி மரபின் மாலிகி பிரிவினரை, இந்த அவை கட்டுப்படுத்தாது. 2013 முதல் 2015 வரை கர்தாயாவில் இரு தரப்புக்கும் இடையே மூண்ட மோதல்களை அடக்க அரசு படைகளை அனுப்ப வேண்டியிருந்தது.