முதிதையும் தலைமையும்



மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கும் பிரம்ம விகாரங்கள் என்பதை நாம் அறிவோம். இவற்றுள் முதிதையைப் பற்றியே நாம் குறைவாகப் பேசுகின்றோம். பிறர் நலங்கண்டு உள்ளம் மகிழ்தல் முதிதை. துன்புற்றாரைக் கண்டு இரங்குதல் எளிது. நம்மோடு ஒத்தவர் நம்மினும் உயரக்கண்டு மகிழ்தல் அரிது. பலரைக் கொண்டு வேலை நடத்துவோர்க்கு அவ்வரிய குணம் இன்றியமையாதது.

பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும், இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்து வருகின்றனர். மழையிலும் குளிரிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த தேயிலைக் கொழுந்தைப் பெண்கள் நிறுக்குமிடத்திற்குச் சுமந்து வருகின்றனர். ஒருத்தியின் கொழுந்து எடை மிகுந்திருப்பின், மேற்பார்ப்பவர் அவள் திறங்கண்டு மகிழ்கின்றாரா? அன்றி, அவளைக் காட்டி மற்றவளை ஏசுகின்றாரா? முன்னவரிடத்தில் தோழமை வளரும். பின்னவரிடத்தில் பொறாமையே வளரும்.

கோசிங்க சாலவனத்தில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் பாலும் நீரும் கலந்தாற்போல் வாழ்ந்தனர். பிச்சையேற்று முன்னே திரும்பியவர் ஆசனமிட்டு நீர் வைப்பார். பின்னே வந்தவர் இடத்தைப் பெருக்கித் தூய்மை செய்வார். நீர்க்குடம் வெறுமையாயின் கண்டவரே நிரப்புவார். தனியே தூக்க இயலாவிடின் கைச்சாடையால் மற்றொருவரை அழைப்பார். ஏவுவாரும் இல்லை, முணுமுணுப்பாரும் இல்லை. இத்தகைய தோழர் வாய்த்தது தம் பேறென்று ஒவ்வொருவரும் மகிழ்ந்திருந்தமையே அதற்குக் காரணம் எனப் பகவானிடம் அவர்கள் விளக்கினர்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மகிழ்ச்சி கூலிக்கு ஈடன்று. சிகாலனுக்கு அறமுரைத்தபோது, தலைவனுக்குரிய கடமைகள் ஐந்தெனப் பகவான் வகுத்தார்: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், சுவையானவற்றைப் பகிர்ந்தளித்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல். இவற்றைக் குறைத்துவிட்டுத் தொழிலாளரிடம் முகமலர்ச்சியை எதிர்பார்ப்பது தன்மமன்று.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் இதனை உலகறியச் செய்தனர். போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்ததைக் கண்டு, தம் பெயரால் பேசிவந்த சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று அவ்வொற்றுமைக்குப் பெயரும் அமைந்தது. ஒன்பது நாட்களின் முடிவில், போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெற்றனர். 232 ரூபாயாக இருந்த நாட்கூலியும் அவ்வாண்டிலேயே 301 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஆனால், வெற்றிக்குப் பின் அவ்வமைப்பின் தலைமையில் பிளவு நேர்ந்தது. எவரையும் குறை கூறுதற்கு இதனைச் சொல்லவில்லை. நம் சங்கங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல. துன்பம் மக்களை ஒன்றுசேர்க்கும். துன்பம் தணிந்தபின் அவர்களைப் பிரியாமற் காப்பது எது? தோழரின் பெயர் ஓங்கும்போது, என் பெயர் ஓங்கியதாக மகிழும் நெஞ்சமே. அந்நெஞ்சமுள்ள தலைவர் அமைந்தால், அடுத்த இடரையும் அக்கூட்டம் தாங்கும்.

ஒருவர் தானஞ் செய்யக் கண்டால் நாம் ‘சாது! சாது! சாது!’ என்கின்றோம். அது முதிதையின் சொல். அதனை விகாரையின் வாயிலிலேயே விட்டுச் செல்லாதீர். நாளை உங்கள் தோட்டத்திலோ, ஆலையிலோ, அலுவலகத்திலோ உடன் உழைப்பவர் ஒருவர் நற்செயல் புரிவார். அதனைக் கண்டு உள்ளத்தால் மகிழுங்கள். பலர் கேட்க வாயாலும் சொல்லுங்கள். உங்கள் கீழ் உழைப்பவராயின், முதலில் நீங்களே சொல்லுங்கள்.

எல்லா உயிர்களும் நலமுறுக!